குளமும் பள்ளிக்கூடமும்

வவுனியா என்றதும் உங்களிற் பலருக்கு நினைவில் வருவது நீண்டதொரு பிரயாணத்தின் இடையில் அமைந்த தரிப்பிடமே. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் புகைவண்டியிலோ பேருந்திலோ வந்து, இங்கே சிறிது நேரம் தங்கித் தேநீர் அருந்துவர். பின்னர் தம் வழியே செல்வர். அவர்கள் காண்பன கடைத்தெருவும், மணிக்கூட்டுக் கோபுரமும், சனநெருக்கம் மிகுந்த பேருந்து நிலையமுமே. நகரத்தை விட்டு ஐந்தாறு மைல் விலகிச் செம்மண் வீதிகளின் வழியே சென்றால், வயல்களுக்கும் காடுகளுக்கும் நடுவே சிறு சிறு கிராமங்களைக் காணலாம். வவுனியாவின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. அத்தகைய கிராமங்களின் பாடசாலைகளில் ஆசிரியனாகவும், பின்னர் அதிபராகவும் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், எங்கள் பகுதியின் கல்வியையும், பொருள் நிலையையும், சமூக வாழ்வையும் பற்றிச் சில கருத்துக்களை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். இம்மூன்றும் வேறு வேறு விடயங்கள் போலத் தோன்றினும், கிராமத்தில் வாழ்பவனுக்கு இவை ஒன்றேயாம்.

எங்கள் ஊர்களின் பெயர்களைச் சற்றுக் கேளுங்கள். இறம்பைக்குளம், பண்டாரிகுளம், நெளுக்குளம், தாண்டிக்குளம், வைரவபுளியங்குளம், கோவில்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம், பாவற்குளம். ஊரின் பெயரைச் சொன்னால் குளத்தின் பெயரும் உடன் வந்துவிடுகின்றது. முதலிற் குளம், அதன் கீழ் வயல், வயலை அடுத்து ஊர். இதுவே வன்னியின் அமைப்பு. ஆண்டொன்றில் 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழை பெறும் வரண்ட வலயத்தைச் சேர்ந்தது எங்கள் மாவட்டம். அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையில் வடகீழ்ப் பருவக் காற்றோடு வந்து போய்விடும். வந்த நீரைத் தேக்கி வைத்துக் கொள்ளாதவனுக்கு வன்னியில் வாழ்வில்லை.

இக்குளங்கள் தனித்தனியே நிற்பவையல்ல. ஒரு பள்ளத்தாக்கின் வழியே மேலொன்று கீழொன்றாக அவை தொடர்ந்து அமைந்திருக்கின்றன. மேற்குளம் நிறைந்து வான் பாய்ந்தால், அந்நீரும், அதன் வயல்களிற் கழியும் நீரும் அடுத்த குளத்தைச் சேரும். அதிலிருந்து அதற்கடுத்த குளத்தைச் சேரும். இலங்கையின் வரண்ட வலயத்துக்குரிய இந்தக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலகின் சிறப்பு வாய்ந்த விவசாய மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. எங்கள் முன்னோர் அச்சான்றிதழை எதிர்பார்த்து மண் சுமக்கவில்லை. குளக்கட்டில் ஓர் உடைப்பு ஏற்பட்டால் ஊர் அனைத்தும் மண்வெட்டியோடு திரண்டது. கட்டைப் பேணும் வேலையில், வயல் உள்ளவன் ஒவ்வொருவனுக்கும் அவன் நிலத்தின் அளவுக்கு ஏற்ற பங்கு இருந்தது. வராதவனை ஊர் கேள்வி கேட்டது. இதை நான் எடுத்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

பள்ளிக்கூடம் வன்னிக்குப் பிந்தியே வந்தது. வவுனியாவில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேயர் 1895-ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அக்காலத்து வன்னி, குடிகள் அருகிக் காய்ச்சலால் நலிந்து கிடந்த நாடாகும். 1905-இல் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டிப் பாதை நிறைவுற்ற பின்னரே வவுனியா ஒரு பட்டினமாக வளரத் தொடங்கிற்று. கிறித்தவ மிசனரிமாரும் சைவப் பெரியாரும் சில பாடசாலைகளை நிறுவினர். 1945-இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960-ஆம், 1961-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. கமக்காரனின் பிள்ளை பணம் செலுத்தாமற் பல்கலைக்கழகம் வரை செல்லலாம் என்ற வாக்குறுதி அவ்வாறுதான் வன்னியின் காட்டோரக் கிராமங்களை எட்டியது.

வாக்குறுதி வந்தபோதிலும், ஆசிரியர் வரத் தயங்கினர். வன்னிக்கு இடமாற்றம் என்றால் அது தண்டனை என்றே முன்னைய தலைமுறையினர் எண்ணினர். அதற்குப் போதிய காரணமும் இருந்தது. மலேரியாக் காய்ச்சல் வந்து குயினைன் குடித்து மெலிந்து ஊர் திரும்பிய ஆசிரியர்களின் கதைகளை நாங்கள் கேட்டிருக்கின்றோம். இன்று அந்நோய் இல்லை. 2016-ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நுளம்பு தந்த அச்சம் நீங்கிற்று. ஆயினும் இடமாற்றக் கடிதத்தைக் கண்டவுடன் முகம் வாடும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. இதனைச் சிந்திக்க வேண்டும்.

அடுத்து யுத்த காலம். அதன் துன்பங்களை இங்கே விரித்துரைப்பது என் நோக்கமன்று. பாடசாலையோடு தொடர்புடையவற்றை மாத்திரம் சொல்கின்றேன். 1990-இல் வவுனியாவுக்கு வடக்கே புகைவண்டி நின்றது. மீண்டும் அது யாழ்ப்பாணத்தை அடைய 2014-ஆம் ஆண்டு ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் எங்கள் நகரம் ஓர் எல்லைப் பட்டினமாயிற்று. 1997-ஆம் ஆண்டின் போர் நடவடிக்கைகளின்போது கண்டி வீதியின் இருமருங்கும் இருந்த கிராமங்கள் வெறுமையாயின. 2009-இல் இலட்சக்கணக்கான மக்கள் வன்னியின் கிழக்கிலிருந்து உடுத்த துணியோடு வந்து சேர்ந்தபோது, நகரத்துப் பாடசாலைகள் பலவும் தங்குமிடங்களாயின. செட்டிகுளப் பகுதியிலிருந்த மெனிக் பாம் முகாம் 2012-ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மூடப்படும் வரையில், கூடாரங்களின் நடுவே வகுப்புக்கள் நடைபெற்றன. கூரைத் தகட்டின் கீழ், கொதிக்கும் வெயிலில், சுவடி இல்லாத பிள்ளைகளும் வெண்கட்டி இல்லாத ஆசிரியர்களும் பாடம் நடத்தினர்.

மக்கள் தம் ஊர்களுக்கு மீண்டபோது நான் கண்ட காட்சி ஒன்று உண்டு. வீடுகளுக்குக் கூரை இல்லை. கிணறுகள் தூர்ந்து கிடந்தன. வயல்களிற் பற்றை மண்டியிருந்தது. இந்நிலையிலும் ஊரார் முதலிற் கூடிச் செய்த வேலைகள் இரண்டு. ஒன்று, கோயிலைச் சுற்றித் துப்புரவு செய்து விளக்கேற்றியது. மற்றையது, மரத்தின் கீழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கியது. இரண்டு ஆசிரியரும் ஒரு கரும்பலகையும் வந்துவிட்டால், “இனி ஊர் நிலைக்கும்” என்று முதியவர்கள் ஆறுதல் கொண்டனர். பள்ளிக்கூடம் திறந்த ஊர்களிற் குடும்பங்கள் விரைவிலே சேர்ந்தன. அஃது இல்லாத ஊர்களுக்கு, ஆண்கள் மாத்திரம் வயல் பார்க்க வந்து போயினர்.

நேயர்களே, அவ்வாறு மரத்தடியில் மீண்டும் உயிர் பெற்ற பாடசாலைகளே இன்று பிள்ளைகளின்றி மெலிந்து வருகின்றன. யுத்தத்திற்குத் தப்பியவை அமைதிக் காலத்தில் அழிந்துபோகுமோ என்ற கவலையே என்னை இங்கே பேச வைத்தது.

நிகழ்வது இதுதான். விடியற்காலை ஆறு மணிக்கு எங்கள் கிராமத்துச் சந்தியில் நின்று பாருங்கள். மூன்று சக்கர வண்டிகளும், சிறு வான்களும், பேருந்தும், தகப்பன்மாரின் மோட்டார்ச் சைக்கிள்களும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நகரத்தை நோக்கிப் பறக்கின்றன. ஆறு வயதுக் குழந்தைகளும் அவற்றில் அரைத் தூக்கத்தில் இருக்கின்றனர். கிராமத்துப் பாடசாலையின் வாயிலைத் தாண்டியே அவ்வண்டிகள் செல்கின்றன. நகரத்தின் பெயர் பெற்ற பாடசாலைகளில் ஒரு வகுப்பறையிற் பிள்ளைகள் இருக்க இடமில்லை. கிராமத்தில் வாங்குகள் வெறுமையாகக் கிடக்கின்றன. இவ்விரண்டு பாடசாலைகளும் ஒரே அரசாங்கத்தினுடையவை, பாடப்புத்தகம் ஒன்றே, பரீட்சையும் ஒன்றே.

பெற்றோரைக் குறை கூறுவது எளிது. நான் அவ்வாறு கூறமாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தகப்பனார் மகளின் விடுகைப் பத்திரம் வாங்க வந்தார். கமக்காரர், தம் கையால் எங்கள் பாடசாலைக்கு வேலி அடைத்துத் தந்தவர். நெடுநேரம் தயங்கி நின்றபின், “ஐயா, குறை நினையாதேங்கோ. இரண்டு வருசமாய்க் கணக்குக்கு வாத்தியார் இல்லை. நான்தான் மண்ணுக்கை நிக்கிறன், பிள்ளையும் நிக்கவேணுமே?” என்றார். அந்த ஆசிரியர் வெற்றிடம் பற்றி நான் எழுதிய கடிதங்களின் பிரதிகள் என் மேசையிலேயே இருந்தன. ஆயினும் அவருடைய மகளுக்குத் தேவையானவர் ஒரு கணித ஆசிரியர். என் கடிதப் பிரதிகளால் அவளுக்கு என்ன பயன்? பத்திரத்தை எழுதிக் கொடுத்தேன்.

இத்தகப்பனாரின் கேள்விக்கு விடை கூறாமல், “உள்ளூர்ப் பாடசாலையை ஆதரியுங்கள்” என்று மேடையில் முழங்குவதிற் பயனில்லை. 2016-ஆம் ஆண்டில் அரசாங்கமே “அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை” என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. பாடசாலைகள் பலவற்றுக்குக் கட்டடங்கள் கிடைத்தன. கட்டடம் வேண்டியதே, ஆனாற் கட்டடம் கணக்குக் கற்பிக்காது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், இரண்டாம் தேசிய மொழியாகிய சிங்களம் ஆகிய பாடங்களுக்குத் தகுதி பெற்றவர்கள் கிராமத்தில் நிலைத்திருப்பது அரிதாயிருக்கும் வரையில், பெற்றோரின் கால்கள் நகரத்தையே நாடும்.

எனினும், அவ்வாறு செல்வதால் விளைவது என்ன என்பதையும் கணக்கிட வேண்டும். கல்வி இலவசம், ஆனால் வான் கூலி இலவசமன்று. பிற்பகலில் நடைபெறும் தனியார் கல்வி நிலைய வகுப்புக்களும் இலவசமல்ல. கமத்தில் வரும் வருமானத்தின் பெரும் பங்கு இவ்விரண்டிற்குமே போய்விடுகின்றது. பிள்ளை காலை இருட்டிற் புறப்பட்டு மாலை இருட்டில் வீடு சேர்கின்றது. தாய் தந்தையரோடு பேசவோ, ஓடி விளையாடவோ, கோயில் வாசிகசாலையில் ஒரு நூலைப் புரட்டவோ அதற்கு நேரம் இல்லை. இதனினும் கொடியது ஒன்றுண்டு. வசதியுள்ளவர் யாவரும் சென்றபின் கிராமத்துப் பாடசாலையில் எஞ்சியிருப்போர் யார்? யுத்தத்திற் கணவனை இழந்த தாயின் பிள்ளை. கூலிக்குச் செல்லும் குடும்பத்தின் பிள்ளை. பாட்டியோடு வளரும் பிள்ளை. அவர்களுக்காகக் குரல் கொடுக்கக்கூடிய பெற்றோரெல்லாம் வேறு பாடசாலைக் கூட்டங்களில் இருக்கின்றனர். குரல் குறைந்த பாடசாலைக்கு ஆசிரியர் வருவதும் குறைகின்றது. ஆசிரியர் குறைந்ததைக் கண்டு மேலும் சிலர் போகின்றனர். இச்சுழல் முற்றினால், “பிள்ளைகள் போதாது” என்ற காரணத்தால் ஒரு நாள் கதவும் பூட்டப்படும்.

முன்னர் நான் குளத்தொடரைப் பற்றிக் கூறியதை இங்கே நினைவுகூருங்கள். பெருமழைக் காலத்தில் மேலேயுள்ள சிறுகுளத்தின் கட்டு உடைந்தால், அவ்வூர் மாத்திரம் கெடுவதில்லை. உடைத்து வரும் வெள்ளம் அடுத்த குளத்தின் கட்டையும் மோதும்; அது தாங்காவிட்டால் அதற்கடுத்ததும் போகும். ஆகவேதான் கீழூர்க் கமக்காரரும் மேலூர்க் குளத்தைத் திருத்த மண்வெட்டியோடு சென்றனர். கிராமத்துப் பாடசாலை என்ற சிறுகுளம் உடைந்தால், நகரத்துப் பாடசாலை என்ற பெருங்குளம் நிரம்பி வழிகின்றது. அங்கும் கற்பித்தல் கெடுகின்றது. நகரத்தவர் இதனைக் கிராமத்தாரின் பிரச்சினை என்று எண்ணியிருத்தல் தகாது.

இனிப் பொருள் நிலைக்கு வருவோம். வவுனியாக் கமக்காரன் உழைப்பிற் குறைந்தவனல்லன். 1970-களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வன்னி மண்ணில் இளைஞர்கள் விளைத்துக் காட்டியதை நாடறியும். 1977-இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த வளம் சரிந்தது. அன்று தொட்டு இன்று வரை அவனுடைய குறை ஒன்றே: விளைப்பது அவன் கையில் இருக்கின்றது, விலை அவன் கையில் இல்லை. 2021-இல் இரசாயனப் பசளையின் இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. அத்தடை அவ்வாண்டு முடியுமுன்னரே தளர்த்தப்பட்டது. ஆனாற் காலபோகத்துப் பயிர் அதற்குக் காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு நாடே கடனடைக்க இயலாது தத்தளித்தபோது, டீசலுக்கு வரிசையில் நின்றது உழவு இயந்திரமும்தான்.

நெல் அறுவடையாகும் வேளையில் விலை விழுகின்றது. களஞ்சியம் இல்லாதவன் ஈர நெல்லை வயற்கரையிலேயே வியாபாரிக்கு அளந்து கொடுக்கின்றான். நெல் சந்தைப்படுத்தல் சபை வாங்கத் தொடங்கும்போது ஏழைக் கமக்காரனின் முற்றத்தில் நெல் இருப்பதில்லை. கடன்காரன் முந்திக் கொண்டிருப்பான். யுத்தத்தின் பின்னர் கிராமங்களுக்குள் நுழைந்த நுண்கடன் நிறுவனங்களின் கிழமைத் தவணையால் எத்தனை தாய்மார் உறக்கம் இழந்தனர் என்பதைப் பாடசாலை அறியும். ஏனெனில், தவணை நாளில் தாய் வீட்டில் இராள். பிள்ளையும் பாடசாலைக்கு வராது. 2018-இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு கடன்களிற் சிலவற்றை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தமை, துன்பம் எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டும்.

விலைக் குறையைத் தீர்க்க ஒரு வழியாக வவுனியாவுக்கு ஒரு பொருளாதார மத்திய நிலையம் அமைப்பதென முடிவாயிற்று. கமக்காரரும் வியாபாரிகளும் மொத்தமாகக் கூடிக் கொள்வனவு செய்யும் சந்தை அது. 2016-இல் அதனைத் தாண்டிக்குளத்தில் அமைப்பதா, ஓமந்தையில் அமைப்பதா என்று எழுந்த வாதம் பல மாதங்கள் நீடித்தது. இரண்டிலும் அன்றி, மதவுவைத்தகுளத்திற் கட்டடம் எழுந்தது. எழுந்தபின்னும் அது நெடுங்காலம் பூட்டியே கிடந்தது. அவ்வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. வாதம் நடந்த காலம் முழுவதும் கத்தரிக்காய் மூடையோடு விடியற்காலையில் வீதியோரம் நின்ற கமக்காரனுக்கு அவ்வாதத்தினால் ஒரு சதமும் கிடைக்கவில்லை என்பதை மாத்திரம் சொல்லுவேன். எங்கள் பொது வாழ்வின் பெரும் நோய் இதுவே. எங்கே கட்டுவது என்று பிணங்குவோம். கட்டியதை யார் நடத்துவது என்று சிந்திக்க மறந்துவிடுவோம்.

விலைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நெல் விலை விழுந்த ஆண்டில் எங்கள் வரவுப் பதிவேட்டிலே அதனைக் காணலாம். பதினான்கு, பதினைந்து வயது ஆண் பிள்ளைகள் முதலிற் கிழமைக்கு ஒரு நாள், பின்னர் இரண்டு நாள் என்று மறைவர். மேசன் வேலைக்குக் கையாளாகச் சென்றிருப்பர். பதினாறு வயது வரையில் கல்வி கட்டாயம் என்பது சட்டம். அடுப்பெரிக்க வழியில்லாத வீட்டில் அச்சட்டத்தை எடுத்துரைக்கச் செல்லும் ஆசிரியனின் நிலை இரங்கத்தக்கது. பின்னர் அவர்களிற் சிலர் வெளிநாடு செல்லும் வழியைத் தேடி நிலத்தை ஈடு வைப்பர். சிலர் தீய சகவாசத்திலும் போதைப் பழக்கத்திலும் வீழ்வர். பொலிசாரும் பெற்றோரும் அதன்பின் எடுக்கும் முயற்சியிற் பத்தில் ஒரு பங்கை, அப்பிள்ளை முதலாவது நாள் வராதிருந்தபோதே எடுத்திருந்தாற் போதும்.

அவ்வாறாயின் கிராமத்துப் பிள்ளைகளுக்கு விவசாயமே கற்பித்து அவர்களை வயலிலே நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்தா எனின், அன்று. கமக்காரனின் மகள் வைத்தியராக வேண்டும். மகன் பொறியியலாளனாக வேண்டும். பம்பைமடுவில், 1991-இல் ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த நிறுவனம், 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து எழுந்தது. எங்கள் பிள்ளைகளின் கண்ணெதிரே ஒரு பல்கலைக்கழகம் நிற்பது பெரும் பேறு. நான் வேண்டுவது இதுதான்: வயலை விட்டுச் செல்பவன் விரும்பிச் செல்ல வேண்டும், வயலில் நிற்பவனும் விரும்பி நிற்க வேண்டும். பரீட்சையில் தோற்றவனுக்கு விதிக்கும் தண்டனையாகக் கமத்தொழிலைப் பாடசாலைகள் காட்டும் வரையில், எங்கள் குளங்களைக் காக்க அறிவுள்ள இளைஞர் கிடைக்கமாட்டார்.

மூன்றாவதாக, எங்கள் சமூகத்தைப் பற்றி. 1981-இல் எங்கள் மாவட்டத்தின் சனத்தொகை 100,000-க்குச் சிறிது குறைவு. 2012-இல் அது 170,000-ஐத் தாண்டியது. இப்பெருக்கம் பல திசைகளிலிருந்து வந்தது. பழைய வன்னிக் குடிகள் இருக்கின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் இருக்கின்றனர். தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம் மக்களும் சிங்கள மக்களும் இருக்கின்றனர். 1970-களிற் பஞ்சத்தாலும், 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தாலும் தோட்டங்களை விட்டு வந்த மலையகத் தமிழர் காடு வெட்டிக் குடியேறினர். அக்காலத்தில் காந்தியம் என்னும் அமைப்பு அவர்களுடைய குடியிருப்புக்களிற் பாலர் பாடசாலைகளைத் தொடங்கிற்று. இம்மக்களின் உழைப்பால் விளைந்த வயல்களின் அரிசியை நாம் உண்கின்றோம். ஆயினும், “அவர் வந்தார், நாம் இருந்தோம்” என்ற பேச்சு இன்னும் ஊர்களில் முற்றாக மறையவில்லை. காணி உறுதி இல்லாத குடும்பத்தின் பெற்றோர் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற் பின்வரிசையிலேயே அமர்வதை நான் கண்டிருக்கின்றேன்.

ஆனால், அதே பாடசாலையின் உள்ளே சென்று பாருங்கள். ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே குழாயில் நீர் அருந்தி, மதிய உணவை ஒரே வரிசையில் நின்று பெறும் பிள்ளைகளுக்கு முன்வரிசையும் பின்வரிசையும் தெரியாது. எங்கள் கிராமங்களில் கோயில்கள் பலவுண்டு, சங்கங்கள் பலவுண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டத்தார் உரியர். எல்லோருக்கும் உரியதாக எஞ்சியிருக்கும் இடங்கள் குளமும் பள்ளிக்கூடமுமே. வசதி உள்ளவர் ஒரு வண்டியிலும் இல்லாதவர் கால்நடையாகவும் வேறு வேறு பாடசாலைகளுக்குப் பிரிந்து சென்றால், அடுத்த தலைமுறை ஒருவரையொருவர் அறியாமலே வளரும். ஒரே ஊரிற் பிறந்து அயலாராக வாழும் நிலை அதுவே.

குறைகளை மாத்திரம் அடுக்கிவிட்டுச் செல்வது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கின்றேன்.

அரசினர் செய்ய வேண்டியது முதலாவது. கிராமத்துக்கு நியமிக்கும் ஆசிரியருக்கு இருப்பிடம் வேண்டும். காலையில் நகரத்திலிருந்து வந்து, பிற்பகற் பேருந்துக்கு மணி பார்க்கும் ஆசிரியரைக் குறை கூறுவதிலும், பூட்டும் கிணறும் உள்ள ஒரு நல்ல விடுதியைக் கட்டிக் கொடுப்பது மேல். ஒவ்வொரு சிறு பாடசாலைக்கும் தனித்தனியே விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பது இயலாதாயின், அயலிலுள்ள மூன்று பாடசாலைகளுக்கு ஒருவரை முறைவைத்து அனுப்பலாம். அவருக்குப் பயணச் செலவைத் தவறாது கொடுத்தாற் போதும். பூந்தோட்டத்தில் ஒரு தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கின்றது. பம்பைமடுவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. அவற்றின் மாணவர் வாரத்தில் ஒரு நாளேனும் சுற்றுப்புறக் கிராமங்களிற் கற்பிக்க ஒழுங்கு செய்தல் கடினமான காரியமன்று.

இரண்டாவது, புலம்பெயர்ந்து வாழும் எங்கள் பழைய மாணவருக்கு. நீங்கள் அனுப்பும் பணத்தால் நிமிர்ந்த பாடசாலைகள் பல. அதற்கு நன்றி. ஆயினும் ஒரு வேண்டுகோள்: வளைவும் சிலையும் சிறிது காத்திருக்கட்டும். ஆசிரியர் விடுதிக்கும், தூரத்துப் பிள்ளைகளின் சைக்கிளுக்கும், வாசிகசாலைக்கும் அப்பணம் வரட்டும். கல்வெட்டிற் பெயர் பொறிப்பதற்கு அவற்றில் இடம் குறைவுதான், பயன் மிகுதி.

மூன்றாவது, பெற்றோருக்கு. ஐந்தாம் தரம் வரையிலேனும் பிள்ளையை ஊரிலே படிக்க விடுங்கள். அவ்வயதில் அதற்கு வேண்டியன எழுத்தும், எண்ணும், உறக்கமும், உங்கள் அருகிருப்பும். நகரத்துப் பாடசாலையை மேல் வகுப்பிற் பார்த்துக் கொள்ளலாம். ஆசிரியர் இல்லையென்றால், தனித்தனியே விடுகைப் பத்திரம் கேட்டு வராமல், ஐம்பது பெற்றோர் ஒன்றாகக் கையொப்பமிட்டு வலயக் கல்விப் பணிமனைக்குச் செல்லுங்கள். அதிபர் ஒருவரின் கடிதத்தைக் கோப்பினுள் வைத்துவிடலாம். வாயிலில் நிற்கும் ஐம்பது பேரை எந்தக் கோப்பினுள்ளும் வைக்க இயலாது.

நான்காவதாகச் சொல்வது, செலவில்லாதது. ஆதலால் உடனே செய்யக்கூடியது. ஒவ்வொரு போகத்திற்கும் முன்னர், கமக்காரரும் அலுவலரும் குளத்தின் கீழ் ஒன்றுகூடிப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடத்துகின்றனர். எத்தனை ஏக்கர் விதைப்பது, என்றைக்குத் துருசு திறப்பது, என்றைக்கு மாடுகளைக் கட்டுவது என்பன அங்கே முடிவாகும். குளத்து நீர் இவ்வளவுதான் என்று அறிந்து, எல்லோரும் விட்டுக் கொடுத்து முடிவு செய்யும் கூட்டம் அது. அக்கூட்டத்திற் பாடசாலையையும் ஒரு விடயமாகச் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று நான் கேட்கின்றேன். இப்போகத்தில் எந்த வீட்டுப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை? எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? யானை வரும் வழியிற் பிள்ளைகளை யார் கூட்டிச் செல்வது? அரை மணி நேரம் போதும். அதிபர் அங்கே வந்து கணக்குக் காட்ட வேண்டும். ஊரும் தன் பங்கைக் கூற வேண்டும். எங்கள் கிராமத்தில் இதனைத் தொடங்கியிருக்கின்றோம். முதலாவது கூட்டத்திற் சிலர் சிரித்தனர். அடுத்த கூட்டத்தில், பாடசாலையை விட்டு நின்ற இரண்டு பையன்களின் பெயரை ஒரு முதிய கமக்காரர் தாமே எழுந்து சொன்னார். அவர்களுள் ஒருவன் இன்று வகுப்பில் இருக்கின்றான். மற்றையவனைத் தேடி இன்னும் செல்கின்றோம்.

எங்கள் பாடசாலை நிலைக்குமா என்று உறுதி கூற என்னால் இயலாது. நான் ஓய்வு பெறுவதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அதற்குள் பிள்ளைகளின் தொகை கூடலாம், குறையவும் கூடும். ஆனால் ஒன்றை மாத்திரம் துணிந்து கூறுவேன். குளக்கட்டில் உள்ள சிறு பொந்தை மாரிக்கு முன்னர் அடைப்பவனே கமக்காரன். உடைத்த பின்னர் ஊரே திரண்டாலும், அவ்வாண்டு வயலுக்கு நீர் இல்லை. எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடங்களின் கட்டில் இன்று காணப்படுவது பொந்துதான். இன்னும் உடைப்பு ஆகவில்லை. அடைப்பதற்கு மண்ணும் உண்டு, கைகளும் உண்டு, சிறிது காலமும் உண்டு.